மூன்று முறை சாவி திருப்பியதற்கு இரண்டு லட்சம்

2023 டிசம்பர் 7-ஆம் தேதி, வியாழக்கிழமை காலை. வேளச்சேரி பக்கம் எங்கள் அபார்ட்மென்ட்டின் ஸ்டில்ட் பார்க்கிங்கில், கணுக்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். மிக்ஜாம் புயல் மழை கொட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. மேலே மூன்றாவது மாடியில் என் அம்மாவுக்கு வீசிங். நெபுலைசரை ஓட்டக் கரண்ட் இல்லாமல் இரண்டு ராத்திரி அவரை நிமிர்ந்து உட்காரவைத்து முதுகைத் தடவியே கழித்திருந்தேன். என் கணவர் துபாயில் இருக்கிறார், அவரிடம் பேசியே மூன்று நாள் ஆகிவிட்டது. தண்ணீர் வடிந்துவிட்டது என்று வாட்ச்மேன் வந்து சொன்னதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: காரை எடுத்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கதவு பாதி வரை தண்ணீர் நின்ற தடம் வெளியே தெரிந்தது. உள்ளே சீட்டைத் தொட்டால் ஈரம். அதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். இரும்பை இரும்பால் தட்டியது மாதிரி. பக்கத்தில் நின்ற கீழ்வீட்டுக்காரர், "பேட்டரி ஈரமா இருக்கும் டீச்சர், இன்னொரு தடவை போட்டுப் பாருங்க" என்றார். போட்டேன். அதே 'டக்'. மூன்றாவது முறை சாவியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன். ஒரு முனகல் கேட்டது, அப்புறம் ஒன்றுமே இல்லை. கடைசியில் மெயின் ரோடு வரை நடந்துபோய் ஒரு ஆட்டோவைக் கூட்டிவந்து, 400 ரூபாய் கொடுத்து அம்மாவைச் சேர்த்தேன். அவர் மூன்று நாளில் தேறிவிட்டார். வண்டி தேற 68 நாள் ஆனது.

அந்த மூன்று திருப்பலில் என்ன நடந்தது என்பதைப் பிறகு ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் போட்ட இன்ஜினைக் காட்டித்தான் விளக்கினார்கள். காற்று போகும் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பிஸ்டன் மேலே வரும்போது காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் பலம் முழுக்க நடுவில் இருக்கிற கனெக்டிங் ராடில் விழுந்து அது வளைந்துவிடும். என்னுடையதில் இரண்டு வளைந்திருந்தன. மெக்கானிக் ஒன்றைக் கையில் எடுத்துக் கொடுத்தார். ஒரு சாண் நீளம்தான் இருக்கும், லேசாக வில் மாதிரி வளைந்திருந்தது. "ஸ்டார்ட் பண்ணாம இருந்திருந்தா தண்ணிய எடுத்துட்டு ஆயில் மாத்திக் குடுத்திருப்போம் மேடம்" என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார்.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் சாவியைப் போடாதீர்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியாக இருந்தால் பட்டனைத் தொடாதீர்கள். லைட் எரிகிறதா என்று பார்க்கக்கூட வேண்டாம். பானட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பது கதவிலும் சுவரிலும் கோடாகத் தெரியும். துடைப்பதற்கு முன்னால், நம்பர் பிளேட்டும் சேர்ந்து தெரிகிற மாதிரி அதைப் போட்டோ எடுங்கள். பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுத்துவிட்டு ரெக்கவரி வண்டிக்குக் காத்திருங்கள். எனக்கு அது வர நான்கு நாள் ஆனது. ஊர் முழுக்க அதே நிலைமை. பள்ளிக்கரணையில் கார்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு மிதந்து போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் ஆட்டோ, ஆம்புலன்ஸ், போட், எதுவும் சரி. நனைந்த கார் மட்டும் வேண்டாம்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். நான் கணக்கு டீச்சர். எண்களில் ஏமாறமாட்டேன் என்று ஒரு நம்பிக்கை எனக்கு இருந்தது. 2020 ஆகஸ்ட்டில் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி இது. ஐந்தரை லட்சம் லோன், மாதம் 11,417 ரூபாய் தவணை, ஐந்து வருஷம். புதுக் கார் வாங்கும்போது மூன்றாம் நபர் இன்சூரன்ஸை, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கானதை, மூன்று வருஷத்துக்கு மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். 2018 செப்டம்பரிலிருந்து அது கட்டாயம். அதனால் முதல் மூன்று வருஷம் நம் வண்டியின் சேதத்துக்கான பாலிசியை மட்டும்தான் வருஷா வருஷம் புதுப்பிக்கிறோம். நான்காவது வருஷம் இரண்டும் சேர்ந்து வரும். 2023 ஆகஸ்ட்டில் ஏஜென்ட் அனுப்பிய தொகையைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வண்டி வகைக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டுமே 3,416 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. எங்கேயாவது குறைக்க வேண்டும் என்று தோன்றியது. வாட்ஸ்அப்பில் இரண்டு தொகை அனுப்பியிருந்தார். ஒன்றில் இன்ஜின் புரொடெக்‌ஷன், ஸீரோ டெப் இரண்டும் இருந்தன (முன்னது தண்ணீர் புகுந்து கெடும் இன்ஜினுக்கு, பின்னது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தருவதற்கு). இன்னொன்றில் இரண்டும் இல்லை. வித்தியாசம் நான்காயிரத்துச் சொச்சம். 'மூணு வருஷமா ஒரு கிளெய்ம் கூட இல்லையே' என்று இரண்டாவதைத் தட்டிவிட்டேன். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே, அரை நிமிஷத்தில் எடுத்த முடிவு.

நான்கே மாதத்தில் அதன் விலை தெரிந்தது. ஒர்க்‌ஷாப் போட்ட எஸ்டிமேட் 2,38,000 ரூபாய். அதில் இன்ஜின் வேலை 1,22,000. சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்ட முதல் கேள்வியே "தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்பதுதான். மூன்று முறை என்று உண்மையைச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. இன்ஜின் கெட்டது வெள்ளத்தால் நேரடியாக அல்ல, வெள்ளத்துக்குப் பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று எழுதி அந்த 1,22,000-ஐ மொத்தமாக அடித்துவிட்டார்கள். மீதி 1,16,000-இலும் தேய்மானம் கழித்தார்கள். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி இவற்றுக்குப் பாதிதான் கிடைக்கும். இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பார்த்துக் கழிப்பார்கள், மூன்று வயது தாண்டிய என் வண்டிக்கு 25 சதவீதம். ஸீரோ டெப் இருந்திருந்தால் இந்தக் கழிவில் பெரும்பகுதி இருந்திருக்காது. கையில் வந்தது 74,000. நான் கட்டியது 1,64,000. ரெக்கவரி வண்டிக்கு 6,500. வண்டி இல்லாத 68 நாளில் ஸ்கூலுக்கும் ஆஸ்பத்திரிக்குமாகக் கால் டாக்ஸியும் ஆட்டோவும் 31,000. ஆக 2,01,500. ஓடாத வண்டிக்கும் தவணை மாதா மாதம் போய்க்கொண்டேதான் இருந்தது. அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் அந்த நேரத்தில் எனக்கு எவ்வளவு பெரிய உதவியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நனைந்த மெத்தையையும் மிக்ஸியையும் அதில்தான் மாற்றினேன்.

பாலிசி புதுப்பிக்கும்போது எல்லோரும் பார்ப்பது கடைசி வரியில் இருக்கிற தொகையைத்தான். அதற்கு முன்னால் ஐ.டி.வி. என்று ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். வண்டி முழுசாகப் போனாலோ திருடு போனாலோ கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தொகை அதுதான். என்னுடையது 4,34,000. ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் முழு நஷ்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். என் எஸ்டிமேட் அதைத் தொடவில்லை, அதனால் 'வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்' என்று கேட்கவும் வழியில்லை. பிரீமியம் குறைய வேண்டும் என்று சிலர் ஐ.டி.வி.யையும் இறக்கச் சொல்கிறார்கள். லோன் பாக்கி இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். அந்த டிசம்பரில் எனக்கு பேங்க்கில் 2,21,000 பாக்கி இருந்தது. வண்டி மொத்தமாகப் போயிருந்தால் வருகிற தொகையில் முதல் பங்கு பேங்க்குக்குத்தான். இன்னொன்று, இன்ஜின் புரொடெக்‌ஷன் எடுத்தவர்களும் தண்ணீரில் நின்ற வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் கிளெய்மில் சிக்கல் வரும். அந்தச் சேர்ப்பில் எது அடங்கும், எது அடங்காது என்பதைப் பாலிசித் தாளில் நீங்களே படித்துப் பாருங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வதை வைத்து நாளைக்கு எதையும் கேட்க முடியாது.

இதில் நான் செய்த இன்னொரு தப்பு, பாதியில் விட்டுவிட்டது. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில் போட்டேன். அதே பதிலை வேறு வார்த்தையில் அனுப்பினார்கள். அதற்கு மேல் எனக்குத் தெம்பு இல்லை. அம்மா, ஸ்கூல், பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று நாள் ஓடிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கிற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, நாமே எழுதிக் கொடுக்கலாம். கம்பெனி மறுத்தாலோ ஒரு மாதம் பதிலே சொல்லாவிட்டாலோ அங்கே போகலாம். மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தெரிந்தபோது ஒரு வருஷம் தாண்டியிருந்தது. எனக்கு முழுப் பணமும் கிடைத்திருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் தண்ணீர் முதலிலேயே உள்ளே போயிருந்தது, ஸ்டார்ட் செய்யாவிட்டாலும் கொஞ்சம் வேலை இருந்திருக்கும், அதற்குரிய பங்கையாவது கொடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்ற உறுத்தல் இன்னும் இருக்கிறது.

பிப்ரவரி 17-ஆம் தேதி வண்டி வந்தது. பார்ப்பதற்குப் புதுசு மாதிரி, உள்ளே நல்ல வாசனை. மார்ச் ஆரம்பத்தில் ஒருநாள் மேடவாக்கம் சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்தது. அணையவே இல்லை. முழு ஆண்டுத் தேர்வு நேரம், அப்புறம் பார்க்கலாம் என்று மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். பக்கத்து சீட்டில் அம்மா. இதை எழுதும்போது கூட எனக்கு வயிறு கலங்குகிறது. அந்த விளக்கு எரிகிறது என்றால் மோதினால் ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது. பக்கத்தில் ஒரு எலக்ட்ரிகல் கடையில் காட்டினேன். "சென்சார் பிரச்சினைதான் மேடம், பல்பை எடுத்துடறேன், தொந்தரவு இருக்காது" என்றார். ஐநூறு ரூபாயில் முடியும் வேலை. ஒரு நிமிஷம் எனக்கும் சபலம் வந்தது, அவ்வளவு களைத்துப் போயிருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கே போனேன். முன் சீட்டுக்கு அடியில் ஓடுகிற மஞ்சள் நிற வயரின் இணைப்பு பச்சை பூத்துப் போயிருந்தது. வெள்ளத் தண்ணீர் வேலை அது. இன்சூரன்ஸ் ஃபைல் மூடியாகிவிட்டது என்று சொல்லி 14,800 ரூபாய் என்னிடமே வாங்கினார்கள். வெள்ளத்தில் நனைந்த வண்டியை டெலிவரி எடுக்கும்போது ஏர்பேக், சீட் பெல்ட், பிரேக் ஏ.பி.எஸ். எல்லாவற்றையும் ஸ்கேனரில் போட்டு ரிப்போர்ட் கேளுங்கள். சீட்டைக் கழற்றி அடியில் இருக்கிற இணைப்புகளைச் சோதித்தார்களா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பிறகு ஏதாவது வந்தால் கிளெய்மில் சேர்க்க அதுதான் ஆதாரம்.

இந்த ஒரு வருஷ அலைச்சலில் காரைப் பற்றிய என் மனசே மாறிவிட்டது. எங்கள் அப்பா செகண்ட் ஹேண்டில் ஒரு பத்மினி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் கார் என்றால் வீட்டில் ஒரு ஆள் மாதிரி. நான் என் முதல் காரை ஷோரூமிலிருந்து எடுத்தபோதும் எலுமிச்சம்பழம் நசுக்கி, நிறத்தையும் மைலேஜையும் பற்றி எல்லோரும் கேட்டோம். இடித்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாராவது கார் வாங்கப் போகிறேன் என்றால் முதல் கேள்வியே எத்தனை ஸ்டார் என்பதுதான். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நம் நாட்டிலேயே மோதிப் பார்த்து மதிப்பெண் கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்குத் தனி ஸ்டார், குழந்தைகளுக்குத் தனி ஸ்டார். இரண்டையும் பாருங்கள். ஒன்றை மட்டும் போஸ்டரில் பெரிதாகப் போடுவார்கள். ஆனால் ஐந்து ஸ்டார் வண்டியிலும் பின்சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் அந்த ஸ்டாருக்கு அர்த்தம் இல்லை. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தது பின்சீட்டில், பெல்ட் இல்லாமல். இப்போது அம்மா பின்னால் உட்கார்ந்தாலும் பெல்ட் போட்ட சத்தம் கேட்டபிறகுதான் வண்டியை எடுக்கிறேன். "கழுத்தை அறுக்குதும்மா" என்பார். உயரத்துக்கு ஏற்ற மாதிரி சின்ன மெத்தை ஒன்று போட்டதிலிருந்து சொல்வதில்லை.

செலவு பற்றியும் ஒரு கணக்குப் போட்டேன். நான் மாதம் ஓட்டுவது சுமார் 500 கிலோமீட்டர். தவணை 11,417, அப்போதைய விலை 102 ரூபாய் 63 காசில் பெட்ரோல் 3,400 போல, இன்சூரன்ஸையும் சர்வீஸையும் மாதத்துக்குப் பிரித்தால் 1,900. கிட்டத்தட்ட 16,700, அதாவது கிலோமீட்டருக்கு 33 ரூபாய். வண்டி இல்லாத அந்த 68 நாளில், ஒரு வேளைகூட யோசிக்காமல் டாக்ஸி எடுத்தும் மாதத்துக்குப் பதினாலாயிரத்துக்குள்தான் ஆகியிருந்தது. நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்காகக் காரை விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு இரைத்தால் கீழே நம் வண்டி நிற்கிறது என்ற தைரியத்துக்கு டாக்ஸிக் கணக்கில் இடமில்லை. நான் வண்டியை வைத்துக்கொண்டேன், 2025 ஆகஸ்ட்டில் லோனையும் முடித்தேன். ஆனால் 'லோன் முடிஞ்சாச்சே, பெருசா மாத்திக்கலாம்' என்று கணவர் சொன்னபோது அந்த நோட்டைப் படமெடுத்து அனுப்பினேன். ஏழு வருஷத் தவணையில் பெரிய வண்டி எடுக்க நினைக்கிறவர்கள் மாதத் தவணையோடு நிறுத்தாமல் இந்த நான்கு வரிகளையும் எழுதி, தான் ஓட்டப்போகும் கிலோமீட்டரால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பத்து நிமிஷ வேலை.

2024 அக்டோபரில் ரெட் அலர்ட் கொடுத்த அன்றைக்கு வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமெல்லாம் வரிசையாகக் கார்கள் நின்றன. நானும் சாயங்காலமே என் வண்டியைக் கொண்டுபோய் அந்த வரிசையில் நிறுத்தினேன். அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு பரவியது, அப்படி இல்லை என்று போலீஸ் தரப்பிலிருந்து விளக்கம் வந்தது. எனக்கு முன்னால் ஒருவர் தன் பழைய வண்டிக்கு பேட்டரி வயரைக் கூடக் கழற்றிவிட்டுப் போனார். பெயர் தெரியாது, ஆனால் அவருக்கும் ஒரு டிசம்பர் இருந்திருக்கும் என்று தோன்றியது.

போன மாதம் எங்கள் ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்த டீச்சர் ஒருவர் செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனார், துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். 2021 வண்டி, பளபளவென்று இருந்தது, விலையும் கொஞ்சம் குறைவு. அவர் பாட்டு சிஸ்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து மெதுவாக, முழுசாக, இனி வராது என்கிறவரை வெளியே இழுத்தேன். மேலே கறுப்பாகச் சுத்தமாக இருந்த பெல்ட்டில், உள்ளே சுருண்டு கிடக்கிற கடைசி இரண்டு சாண் பழுப்பாக இருந்தது, நகத்தால் சுரண்டினால் மண் உதிர்ந்தது. சாவியை ஆன் செய்யச் சொன்னேன். எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைந்தன, ஏர்பேக் விளக்கு மட்டும் எரியவே இல்லை. நல்ல வண்டியில் அது சில நொடி எரிந்துவிட்டு அணைய வேண்டும். "பல்பு போயிருக்கும் மேடம்" என்றார் விற்க வந்தவர். நான் அந்தப் பெல்ட்டை அவரிடம் நீட்டிக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நாங்கள் இருவரும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டோம்.